மேல்வீட்டு விதை மொச்சை

எங்கள் மலையூர் கிரிதானியில் ஊர்ச்சங்கம் எதைச் சொல்ல நினைத்தாலும் தாளில் எழுதி ஒரு பலகையில் செருகிச் சுற்றில் விடும். பதினொரு வீடு. படித்தவர் தன் முத்திரையைக் குத்தி அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். வாசலில் சாத்தி வைத்துவிட்டு வந்தாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நான் அப்படி வைத்துவிட்டு வந்ததில்லை. குரல் கொடுத்து, கையில் கொடுத்து, உட்காரச் சொன்னால் உட்கார்ந்து, தேநீர் ஊற்றினால் இரண்டு கிண்ணம் குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். பலகையில் இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் செய்தி ஊரைச் சுற்றியது என்றால் அதில் எனக்கும் பங்குண்டு. மறுக்கவில்லை.

எங்களுடையது கீழ்வீடு. எனக்கு அடுத்துப் பலகை போவது மேட்டில் இருக்கும் மேல்வீட்டுக்கு. ஜூலையில், மழை ஓய்ந்து சிள்வண்டு கத்தத் தொடங்கிய வாரம், காட்டுப்பன்றி வேலிக்கு மின்சாரம் விடும் நேரத்தை மாற்றியிருந்தார்கள். அந்தச் செய்தியோடு ஏறினேன். மொச்சை வயலில் ஒரு பெண் மண்டியிட்டிருந்தாள். அந்த வெயிலில் முழுக்கைச் சட்டை, கழுத்தில் ஈரத்துண்டு, பக்கத்தில் மீன்காரன் வைத்திருப்பது போல ஒரு ஐஸ் பெட்டி. இலையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். மேல்வீட்டுக்காரர் குனியாசு கொட்டகை நிழலில் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார். அந்த அரிவாளை முந்தின நாள்தான் தீட்டினார். எனக்குத் தெரியும்.

அவர் மனைவி மிசாவோ பலகைக்குக் கை நீட்டினாள். கொடுக்காமல், யார் இது என்றேன். மாகாண ஆராய்ச்சி நிலையத்து டாக்டரம்மாவாம், ஷிஹோ என்று பெயராம், செடிக்கு வரும் வைரஸைப் பார்க்கிறவளாம்.

"நான்தான் இலையைத் தபால்ல அனுப்பினேன்," என்று குரலைத் தாழ்த்தினாள் மிசாவோ. "அவர்கிட்ட கேக்கல."

அது சாதாரணக் காரியமில்லை. மேல்வீட்டு மொச்சை என்றால் இந்த மலைப்பக்கத்தில் ஒரு பேர். கறுப்பு சோயா மொச்சை எல்லாரும்தான் போடுகிறோம். ஆனால் விதை மேல்வீட்டு விதை. சாக்கே மது வாங்கும் பெரிய கண்ணாடிப் புட்டிகளைக் கழுவிக் காயவைத்து, விதையை நிரப்பித் தக்கை இறுக்கி, கிட்டங்கி அலமாரியில் வரிசையாக வைத்திருப்பார். ஜூன் முதல் தேதி வீட்டுக்கு ஒரு புட்டி. அதற்கு விலை கிடையாது. பதிலுக்கு நவம்பரில் வீட்டுக்கு ஒருவர் போய் அவர் வயலில் ஒருநாள் இலை உருவிக் கொடுக்க வேண்டும். புட்டியைக் கையில் தரும்போது குனியாசு நம்மை ஒரு பார்வை பார்ப்பார், பெண்ணைக் கட்டிக் கொடுக்கிற மாமனார் மாப்பிள்ளையைப் பார்ப்பது போல. அந்தப் பார்வைக்காகவே என் வீட்டுக்காரர் போகமாட்டார், என்னை அனுப்புவார்.

விதை பொறுக்குவது ஜனவரியில். குளிருக்கு அடியில் சூடு வைத்த கணப்பு மேசைமேல் செய்தித்தாளை விரித்து, ஒரு கண்ணாடிக்குமேல் இன்னொரு கண்ணாடி மாட்டிக்கொண்டு, மாதம் முழுக்க உட்காருவார். நூற்றுக்கு ஒன்று தேறும். உள்ளதிலேயே பெரியது, உருண்டையானது, மேலே வெண்பூச்சு படிந்தது. அவர் அப்பாவும் அப்படித்தான் பொறுக்கினார். மிசாவோ அந்த மேசைக்குத் தேநீர் கொண்டுபோகலாம், மொச்சையைத் தொடக்கூடாது. கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவள் தொட்டதில்லை.

ஏழெட்டு வருஷமாகக் காய்ப்புக் குறைந்துகொண்டே வந்தது. பூக்கும், கொட்டும். ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம். ஒருவர் வெயில் என்றார், ஒருவர் உரம் என்றார். என் வீட்டுக்காரர் மலைமேல் நட்ட செல்போன் கோபுரம் என்றார், இன்றும் அதைத்தான் சொல்கிறார். குனியாசு எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. காயை எண்ணுவதற்கா மொச்சை போடுகிறோம், உள்ளே இருப்பதைப் பார் என்பார். உள்ளே இருப்பது உண்மையில் வருஷத்துக்கு வருஷம் பருத்துக்கொண்டுதான் வந்தது.

அந்தப் பெண் ஓர் இலையைக் கிள்ளிச் சிறு பையில் நசுக்கி, அதில் ஒரு குச்சியை நனைத்தாள். கர்ப்பம் பார்க்கிற குச்சி மாதிரியே இருந்தது. எத்தனை மாசம் என்று கேட்டேன். மரியாதைக்குச் சிரித்தாள். இலையில் தேமல் தெரிகிறது, ஓரம் சுருண்டிருக்கிறது, வழக்கமாக வரும் வைரஸ் என்றால் குச்சியில் இரண்டு கோடு விழ வேண்டும், ஒன்றுதான் விழுகிறது என்றாள். கொட்டகையிலிருந்து குனியாசு சத்தமாக, "ஒண்ணும் இல்லைன்னு குச்சியே சொல்லிடுச்சு," என்றார். அவள் இலைகளைப் பையில் போட்டு, பைமேல் தேதி எழுதி, ஐஸ் பெட்டியில் அடுக்கினாள்.

ஆகஸ்டில், முன்னோருக்குப் படைக்கிற நாள்கள் முடிந்த மறுவாரம், திரும்பி வந்தாள். நானும் தற்செயலாக அங்கே இருந்தேன். மிசாவோ தர்பூசணி அறுத்தாள். நோய் இலையை அரைத்து, நல்ல செடியின் இலைமேல் நைசான தூளைத் தூவி, அந்தச் சாற்றை விரலால் தேய்த்தாளாம். தூள் கீறிய இடம் வழியாக நோய் உள்ளே போகுமாம். ஐந்தாம் நாள் புள்ளி புள்ளியாக வந்ததாம். பெரிய நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த படத்தைக் காட்டினாள். சாம்பல் நிறத்தில் அறுந்த நூல் துண்டுகள், தையற்காரன் கடைத் தரையைப் போல. தெரிந்த வகை வைரஸ் எதற்கும் அசையாத சோயாச் செடிகள் சில நிலையத்தில் உண்டாம். அவற்றிலும் தேய்த்துப் பார்த்தாளாம். எல்லாம் சுருண்டுவிட்டனவாம்.

"இது புதுசுங்க," என்றாள். "இதுவரைக்கும் யாரும் எழுதினதில்ல."

பாவம், சின்ன வயசு. முகத்தில் பூத்த சந்தோஷத்தைத் தர்பூசணியைக் கடித்து மறைக்கப் பார்த்தாள். குனியாசு அதைக் கவனித்துவிட்டார்.

"புதுசுன்னா எங்கேருந்து வந்துச்சு?"

அதைப் பார்க்கத்தான் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் நூறு விதை வேண்டும் என்றாள். அவர் எழுந்துபோய்த் தன் புட்டி ஒன்றைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார். நூறு எண்ணவில்லை, முழுப்புட்டி. எண்ணிக்கொடுப்பது கௌரவக் குறைச்சல் என்று நினைத்திருப்பார்.

அப்புறம் வந்தது நவம்பர், இலை உருவும் நாள். காலை பத்து மணி வரைக்கும் மூடுபனி. பக்கத்துச் சாலில் இருப்பவரின் தலை தெரியாது, இருமல் கேட்கும். செடி நின்றபடியே இருக்க, இலையை மட்டும் காம்போடு உருவிக் கீழே போட வேண்டும், காய் வெயில் பார்த்துக் காய்வதற்கு. விரலிடுக்கெல்லாம் கறுத்துப் பிசுக்கேறும். மற்ற வருஷங்களில் சாயங்காலம் வரை இழுக்கும் வேலை, அந்த வருஷம் சோற்று வேளைக்கே முடிந்துவிட்டது. இலைக்குப் பின்னால் காய் இருந்தால்தானே ஒதுக்கி ஒதுக்கி உருவ வேண்டும். மிசாவோ காட்டுப்பன்றிக் கறியும் சேப்பங்கிழங்கும் போட்டுக் குழம்பு வைத்திருந்தாள். வரப்பில் உட்கார்ந்து சோற்று உருண்டையைப் பிட்டுக்கொண்டிருக்கும்போது ஷிஹோவின் வண்டி வந்தது.

இரண்டு தட்டுகளை எடுத்து வந்து, கூடை ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தாள். இரண்டிலும் கறுப்பு மொச்சை. ஒன்றில் நிறைய, சின்னச் சின்னதாக. இன்னொன்றில் கொஞ்சம்தான், ஆனால் ஒவ்வொன்றும் கட்டைவிரல் நுனி பருமன். நிலையத்து வலைக்கூண்டில் விளைந்தது என்றாள். குனியாசு கையைத் துண்டில் துடைத்தார். அவரிடம் யாரும் எதுவும் கேட்கத் தேவையில்லை. பருத்த தட்டிலிருந்து ஒன்றை எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, விரலால் உருட்டினார்.

"இது விதைக்கு," என்றார். "அந்தத் தட்டை வேகவச்சுத் தின்னுங்க."

அவள் சின்ன மொச்சைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஐயா, அது நோய் ஏத்தின செடியில காய்ச்சது," என்றாள். "இது நல்ல செடி. இந்த நோய் வந்தாப் பூ கொட்டிடுது. பத்துக் காய் நிக்க வேண்டிய இடத்துல ரெண்டு நிக்குது. செடி அத்தனை சத்தையும் அந்த ரெண்டுல கொண்டு கொட்டுது. அதனால பருத்துப் போகுது."

யாரோ குழம்புக் கிண்ணத்தைக் கீழே வைத்த சத்தம் கேட்டது.

"முதல்ல நூத்துல ஒண்ணு ரெண்டு செடியிலதான் இருந்திருக்கும். நீங்க வருஷா வருஷம் பெருசாப் பார்த்து விதைக்கு எடுத்தீங்க. வேற யாரா இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பாங்க. மஞ்சள் சோயாவா இருந்தாத் தோல்ல பழுப்புத் தேமல் விழுந்து காட்டிக் கொடுத்திருக்கும். உங்களுது கறுப்பு. மை மேல மை கொட்டின மாதிரி."

"எங்க புட்டியில எத்தனைக்கு இருக்கு?" என்று மிசாவோதான் கேட்டாள்.

"நூத்துக்கு நூறு. எல்லா வீட்டுதும் அப்படித்தான். ஆயிரத்து நூறு விதை முளைக்க வச்சோம். சிலது தேமல் காட்டுது, சிலது பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா சோதிச்சா உள்ள இருக்கு. தப்பினது ஒண்ணுகூட இல்ல."

அதற்கப்புறம் அவள் பேசினதெல்லாம் எங்களைச் சமாதானப்படுத்தத்தான். தின்றால் உடம்புக்கு ஒன்றும் செய்யாது. விற்கலாம், தின்னலாம், விதைக்க மட்டும் கூடாது. விதைத்தால் அசுவினிப்பூச்சி உறிஞ்சிக்கொண்டுபோய் அடுத்த பள்ளத்தாக்கிலும் வைத்துவிடும். அடுத்த வருஷம் வேறு விதை வாங்கித் தரலாம், நல்ல விதைதான், நோயில்லாதது. அது மேல்வீட்டு விதையா என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. குனியாசு அந்த ஒற்றை மொச்சையை இன்னும் விரலில் வைத்திருந்தார். கீழே போடவும் மனம் வரவில்லை, தட்டில் வைக்கவும் தெரியவில்லை. விதையைச் சூடு காட்டி, மருந்தில் முக்கி எதுவும் செய்ய முடியாதா என்றார். இன்று தெரிந்த எந்த வழியிலும் நோய் போகவில்லை, எல்லாம் பார்த்துவிட்டேன் என்றாள். அப்புறம் வண்டியில் ஏறப் போனவள் திரும்பி வந்து கேட்டாள்.

"ரொம்ப வருஷத்துக்கு முன்னால உங்ககிட்ட விதை வாங்கிட்டுப் போய், அப்புறம் மாத்தாமலே போட்டுட்டு இருக்கறவங்க யாராவது இருக்காங்களா? பெருசு பார்த்துப் பொறுக்காம, சும்மா குவியல்லேருந்து அள்ளி விதைக்கறவங்க? ஒரு கைப்பிடி போதும். அதுல சுத்தமான செடி ஒண்ணு நின்னாப் போதும், வலைக்குள்ள வச்சு உங்க விதையை மீட்டுடலாம்."

குனியாசுவின் முகம் அன்றைக்கு முதல் தடவையாக நிமிர்ந்தது.

"சதோயே," என்றார்.

சதோயே அவர் தங்கை. இருபத்து நாலு வருஷத்துக்கு முன்னால் கணவாய்க்கு அந்தப்பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனபோது அப்பா ஒரு புட்டி விதை கொடுத்து அனுப்பினார். மாமியார் வீட்டில் மொச்சையைப் பொறுக்கும் வழக்கம் கிடையாது. மூட்டையில் கைவிட்டு வந்ததை விதைப்பார்கள். அதனால் அவள் மொச்சை சின்னதாகவே இருந்தது, கிரிதானியில் அது ஒரு கேலி. மூன்று வருஷமாக அண்ணனும் தங்கையும் பேச்சில்லை. ஏன் என்று குனியாசுவுக்குத் தெரியாது. பெண்பிள்ளைகளுக்கு வயசானால் இப்படித்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர்கள் அப்பாவுக்குப் பதினேழாம் வருஷத் திதி. சதோயே தன் வயல் மொச்சையை வேகவைத்து அடுக்குப் பெட்டியில் கொண்டுவந்தாள். அவள் கிளம்பிப் போனபிறகு குனியாசு நாலு பேர் நடுவில், "முயல் புழுக்கையைக் கொண்டாந்து அப்பாவுக்குப் படைக்கறா," என்றார். நாங்கள் சிரித்தோம். மறுநாள் மேல்வீட்டில் பலகையைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் நடுவீட்டில் நான் இதைச் சொன்னேன். நடுவீட்டு மருமகளும் சதோயேவும் ஒரே மருத்துவமனையில் சமையல் வேலை பார்க்கிறார்கள். சொல்லும்போது, அப்பாவே எழுந்து வந்து அதைத் துப்பிவிட்டுப் போவார் என்று அவர் சொன்னதாக ஒரு வரி சேர்ந்துவிட்டது. எங்கே சேர்ந்தது என்று எனக்கு நிச்சயமில்லை. வெறும் முயல் புழுக்கை என்றால் சிரிப்புக் கொஞ்சம் குறைவாக இருந்தது, அவ்வளவுதான்.

மேல்வீட்டில் இருப்பது இரண்டு பேர் உட்காரும் சின்ன லாரி. மிசாவோவும் வருகிறேன் என்றதால் என் காரில் போனோம். நானாகத்தான் ஓட்டுகிறேன் என்றேன், பழக்கதோஷம். கணவாயில் ஏறும்போது குனியாசு பேசிக்கொண்டே வந்தார். அவருக்கு அவ்வளவு பேச வரும் என்று எனக்குத் தெரியாது. சதோயே சின்னதில் மொச்சைக் காய்க்குக் காவல் இருந்து குரங்கு விரட்டியது, அவள் கல்யாணத்தன்று அப்பா புட்டிக்குத் தாமே தக்கை அடைத்தது. ஒரு கைப்பிடி போதும் என்று டாக்டரம்மா சொன்னதை மூன்று தடவை சொன்னார். மடியில் ஒரு வெறும் புட்டி வைத்திருந்தார், கழுவித் துடைத்தது. நான் வளைவுகளைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

சதோயே வீட்டு இறவாரத்தில் உரித்த சீமைப்பனிச்சைப் பழங்கள் சரம் சரமாகக் காய்ந்துகொண்டிருந்தன. அவள் எங்களைப் பார்த்துத் திகைத்தாள், ஆனால் உள்ளே வராதே என்று சொல்கிற பெண் இல்லை. சோற்று வேளை, உட்காருங்கள் என்றாள். சோறு, டர்னிப் ஊறுகாய், முள்ளங்கி போட்ட மிசோச் சாறு. கறுப்பு மொச்சையை வேகவைத்து மசித்து உப்பில் புளிக்கவைத்த மிசோ விழுது, இருண்ட நிறம். குனியாசு ஒரு வாய் குடித்துவிட்டு, உண்மையாகவே, இந்த மாதிரிச் சாறு குடித்து வருஷக்கணக்காயிற்று என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அப்புறம் அவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். ஷிஹோ சொன்னது, தட்டு, நூற்றுக்கு நூறு. தங்கை முன்னால் அவர் தலை தாழ்த்தி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"உன் மொச்சைதான் நல்ல மொச்சை," என்றார். "நான் பொறுக்கிப் பொறுக்கிக் கெடுத்துட்டேன். ஒரு கைப்பிடி குடு."

சதோயே மிசாவோவைப் பார்த்தாள். மிசாவோ முகத்தில் ரத்தமே இல்லை. அப்போதுதான் அவளுக்கு ஏதோ புரிந்திருக்கிறது.

"அண்ணி சொல்லலையா?" என்றாள் சதோயே. "மூணு வருஷமா நான் அண்ணிகிட்டதான் விதை வாங்கறேன். உங்களுக்குத் தெரியாம."

"உன் பழசு?"

"அதையெல்லாம் அந்தத் திதி முடிஞ்ச மாசமே வேகவச்சுட்டேன். மூணு புட்டி. ஒண்ணுகூட வைக்கல." கிண்ணத்தைக் கண்ணால் காட்டினாள். "மிசோ போட்டேன். மூணு வருஷம் ஊறினது. நீங்க குடிக்கறது அதுதான் அண்ணே."

வெளியே காற்றில் பனிச்சைச் சரங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. அவர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்?"

"முயல் புழுக்கைன்னு சொன்னீங்களாமே. அதுக்கு நான் சிரிச்சுட்டேன். நீங்க சின்னதுலேருந்தே அப்படிப் பேசறவர்தான். அப்பா எழுந்து வந்து துப்பிட்டுப் போவார்னு சொன்னீங்களே, அதுதான். அந்தப் புட்டிக்குத் தக்கை அடிச்சதே அப்பாதானே. அதுக்கப்புறம் அந்த மொச்சையைப் பார்க்க முடியல."

"துப்புவாரா?" குனியாசு நிதானமாக யோசித்தார். "முயல் புழுக்கைன்னு சொன்னேன். குடிச்சிருந்தேன், சொன்னேன். இதை நான் சொல்லலையே."

சொல்லவில்லை என்றால் சொல்லவில்லைதான், அவர் பொய் பேசுகிற ஆள் இல்லை. அது அவர் தங்கைக்கும் தெரியும். அவள் குழப்பத்தோடு மிசாவோவைப் பார்த்தாள். மிசாவோ திரும்பி என்னைப் பார்த்தாள். நான் ஊறுகாயைப் பார்த்தேன். டர்னிப்பை எவ்வளவு மெல்லிசாக நறுக்கியிருக்கிறாள் என்று அப்போது நினைத்தது இன்னும் நினைவிருக்கிறது.

மிசோவில் மொச்சை முழுக்க மசியாது. குனியாசு கிண்ணத்தின் அடியிலிருந்து உருக்குலையாத மொச்சை ஒன்றைச் சாப்பாட்டுக் குச்சிகளால் எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஜனவரியில் மேசையில் உட்கார்ந்து பார்ப்பது போலவே பார்த்தார். வெந்து, உப்பில் மூன்று வருஷம் கிடந்தது. அப்புறம் வாயில் போட்டு மென்றார். மிச்சச் சாற்றையும் குடித்து, கிண்ணத்தை இரண்டு கையாலும் தங்கையிடம் நீட்டி, இன்னும் கொஞ்சம் கேட்டார். திரும்பி வரும்போது வெறும் புட்டி அவர் காலடியில் உருண்டுகொண்டே வந்தது. யாரும் அதை எடுத்து நிறுத்தவில்லை.

யாரும் ஒரு புட்டியை ஒளித்துவைத்துவிடக் கூடாது என்று, எல்லா விதையையும் சங்கக் கட்டட முற்றத்தில் ஒன்றாக வேகவைத்துப் புதைப்பதென்று முடிவானது. நடுவீட்டில் ஒரு புட்டி ஏற்கெனவே அரிசித் தொட்டிக்குள் போயிருந்தது என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவர்களே கொண்டுவந்துவிட்டார்கள். டிசம்பர் நடுவில், பெரிய கொப்பரையில் தண்ணீர் கொதித்தது. குனியாசு தன் புட்டிகளைத் தாமே தூக்கி வந்து ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். கண்ணாடிக் கழுத்தில் மொச்சை இறங்குகிற சத்தம் மழை மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் புத்தாண்டுக்கு மொச்சை வேகிற வாசனை ஊர் முழுக்க எழுந்தது, புத்தாண்டுக்கு இரண்டு வாரம் முன்னதாக. நடுவீட்டம்மா, கறுப்பு நிறம் நிற்க வேண்டும் என்று வழக்கமாகப் போடுகிற துரு ஆணிகளைத் துணியில் முடிந்து கொண்டே வந்துவிட்டாள். கொப்பரைப் பக்கத்தில் வந்தபிறகுதான் நினைவு வந்து, முடிச்சை மடியில் சொருகிக்கொண்டாள். யாரும் சிரிக்கவில்லை.

ஷிஹோவும் வந்திருந்தாள். புதிய வைரஸுக்குப் பெயர் வைத்தாக வேண்டுமாம். முதலில் கண்ட ஊரின் பெயரை வைப்பது வழக்கமாம். தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஊர்ப் பெயர் வேண்டாம், என் வீட்டுப் பெயரை வையுங்கள் என்றார் குனியாசு. அது வழக்கமில்லை என்றாள்.

"அந்த வைரஸ் இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"இலையைக் காயவச்சு, கடுங்குளிர்ப் பெட்டியில வச்சிருக்கோம்."

"எத்தனை நாள் இருக்கும்?"

"நாங்க இல்லாமப் போனாலும் இருக்கும்," என்று சொன்னவள், சொல்லியிருக்கக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, கொப்பரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த புட்டியின் தக்கையைத் திருகினார்.

ஜனவரியில் மேல்வீட்டு ஜன்னல் வழியாகக் கணப்பு மேசை தெரிந்தது. அவர் உட்கார்ந்திருந்தார், இரண்டு கண்ணாடியும் போட்டபடி. மேசைமேல் செய்தித்தாள் இருந்தது. அதைப் படித்துக்கொண்டிருந்தார்.

மார்ச்சில் பலகை வந்தது. புது விதை வேண்டும் வீட்டார் பெயர் கொடுக்கச் சொல்லி ஒரு தாள். அதன்கீழே ஆராய்ச்சி நிலையத்து அறிக்கையின் நகல் ஒன்று, அதில் கொட்டை எழுத்தில் எங்கள் ஊர்ப் பெயர், பக்கத்தில் வைரஸ் என்ற வார்த்தை. முத்திரையைக் குத்திவிட்டு மேட்டில் ஏறினேன். மிசாவோ முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், கையிலிருந்த சட்டையை உதறினாள், கொடியில் போட்டுக் கவ்வியை மாட்டினாள், அடுத்த சட்டையை எடுத்தாள்.

பலகையை வாசலில் சாத்தி வைத்துவிட்டு இறங்கி வந்தேன். இப்போதெல்லாம் அப்படித்தான்.